இறக்கிவிட்ட கை

அக்கா,

சமையலறை மேல்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுகிப்போய் அசைய மறுத்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்தால் கபசுரக் குடிநீர்ப் பொடி. நிறம் மங்கிக் கட்டிதட்டிப் போயிருந்தது. வாடை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. மூக்கில் ஏறிய மாத்திரத்தில் தொண்டை கசந்தது. நீங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து காய்கறி வண்டிக்காரரிடம் கொடுத்து காட்டூரில் என் வீட்டுக்கு அனுப்பியது அது. அன்றைக்கு ஃபோனில் சொன்னீர்கள்: "இதைக் குடிச்சா கொரோனா வராதான்னு எனக்குத் தெரியாது. ஆனா அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் ருசியா இருக்கும், அது நிச்சயம்."

குப்பையில் போடத்தான் எடுத்தேன். போட மனம் வரவில்லை. டப்பாவை மூடித் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளைப் பார்த்தேன். அதற்கப்புறம் மூன்று நாளாக எனக்கு எதுவும் ஓடவில்லை.

நமக்குள் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவரிடம்தானே எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல முடியும்.

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் சம்பளப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற கையோடு நான் அந்த சேவை கிளப்பில் சேர்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை, அவர் போய் அப்போதே நாலு வருஷம். இரண்டாம் வருஷமே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து நடக்கிற ஆள் ஒருத்தி வேண்டுமாம். புதன்கிழமை ஆறரைக்குக் கூட்டம் என்றால் ஆறரைக்கு மணி அடிப்பேன், ஏழரைக்கு மறுபடி அடிப்பேன். தலைவரே பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. அதைப் பார்த்துத்தான் நீங்கள் எனக்குப் பெயர் வைத்தீர்கள். "ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டியாச்சு. எல்லாரும் வண்டில ஏறுங்கப்பா."

நான் பார்த்தது குமாஸ்தா வேலை, ஸ்டேஷன் பக்கமே போனதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் விடவில்லை. பெயர் நிலைத்துவிட்டது. கோபம் வந்த மாதிரி காட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நம் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் 'நல்ல சேதி' நேரம். யார் வீட்டில் என்ன நல்லது நடந்ததோ, கையைத் தூக்கினால் இரண்டு நிமிஷம் எழுந்து நின்று சொல்லலாம். பேத்திக்குப் பல் முளைத்தது, மருமகனுக்கு மாற்றல் கிடைத்தது, பாலக்கரையில் புதுக் கடை திறந்தது, எதுவானாலும் சரி. இரண்டு நிமிஷம் தாண்டினால் என் மணி. ஒன்பது வருஷத்தில் நீங்கள் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனபோதும் இல்லை, அவள் வெளிநாட்டில் வீடு வாங்கியபோதும் இல்லை. ஏன் என்று கேட்டால், "சேதி இருக்கறவங்க சொல்லட்டும். நான் கேக்கறதுக்கு வந்தவ" என்பீர்கள்.

உங்களுடைய கூட்டமோ ஏழரைக்கு அப்புறம் ஹாலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில்தான் ஆரம்பிக்கும். உங்கள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து சுண்டல் டப்பா வெளியே வரும். எட்டு பேர், பத்து பேர் சுற்றி நிற்போம். உள்ளே முக்கால் மணி நேரம் இழுத்தும் முடிவாகாத கண் முகாம் வேலையெல்லாம் அங்கே சுண்டல் தீர்வதற்குள் முடிந்துவிடும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கேதான் தெரியவரும். கிளம்பும்போது என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவீர்கள். அது உங்களுக்குச் சுற்று வழி. "உன்னை விட்டுட்டுப் போனா நீ பஸ்ஸுக்கே மணி அடிப்ப" என்று ஒவ்வொரு வாரமும் அதே கேலி. அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் அன்றைக்குப் புதன்கிழமை மாதிரியே இருக்காது எனக்கு.

ஊரடங்கு வந்தது. ஹாலைப் பூட்டினார்கள். காவிரிப் பாலத்தில் தடுப்பு வைத்துவிட்டார்கள். நீங்கள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. கூட்டம் வீடியோவாக ஃபோனுக்குள் போனது.

முதல் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? இருபத்திரண்டு பெட்டிகளில் ஒருவர் நெற்றி, ஒருவர் மூக்கு, ஒருவர் வீட்டுக் காலண்டர். உங்கள் பெட்டியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, முழுசாக ஒரு மணி நேரம். "அக்கா, ஃபோனை நிமிர்த்தி வைங்க" என்று நான் கத்த, "நிமிர்த்தித்தான் வெச்சிருக்கேன், நீ சாஞ்சு உக்காந்திருக்க" என்றீர்கள். அன்றைக்கு சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

ஆனால் உங்களுக்கும் அந்தப் பொத்தான்களுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கண்ணாடி போட்டாலும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் திடீரென்று இதயம் முளைக்கும், கைதட்டல் முளைக்கும். ஒரு தடவை உறுப்பினர் ஒருவர் தன் அண்ணன் இறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் பெட்டியிலிருந்து காகிதப் பூ கொட்டியது. "ஐயோ, எதையோ அமுக்கிட்டேன், எடுத்து விடுடி" என்று பதறினீர்கள். அன்றைக்கே நான் சட்டம் போட்டேன்: உங்கள் பொத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எதையும் தொடக் கூடாது. கூட்டத்தை நடத்துபவள் என்பதால் யாருடைய மைக்கையும் அடைக்கிற, திறக்கிற அதிகாரம் என்னிடம் இருந்தது. பேச விரும்புகிறவர் பொத்தானை அமுக்கினால் பெயருக்குப் பக்கத்தில் ஏறுமே அந்த மஞ்சள் கை, அது தப்பாக ஏறினால் இறக்கிவிடவும் முடியும். நாலைந்து தடவை அப்படி இறக்கிவிட்டிருக்கிறேன். அப்புறம் ஃபோன் செய்து, "நல்லவேளை, மானத்தைக் காப்பாத்தின" என்பீர்கள்.

வேலை என்னவோ நடந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போனது. நீங்கள் ரவிக்கைத் துணியில் முகக்கவசம் தைத்துக் குவித்தீர்கள். கூட்டமும் வாராவாரம் நடந்தது. ஏழரைக்கு நான் மணி அடித்து, எல்லோருக்கும் சேர்த்துக் கூட்டத்தை முடிக்கிற அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். இருபத்திரண்டு பெட்டியும் ஒரே நொடியில் போய்விடும்.

இதை உங்களிடம் சொன்னதில்லை. நேரம் தவறக் கூடாது என்பதற்காக மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் அழுத்தாமல் விட்டுப்பார்த்தேன். ஒவ்வொருவராகக் கை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பெட்டியாக மறைந்து, கடைசியில் என் முகம் மட்டும் திரை முழுக்கப் பெரிதாக நின்றது. வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை அக்கா. நானே அணைத்துவிட்டால் என்னை விட்டு யாரும் போனதாக ஆகாது. அதனால்தான் அவ்வளவு வேகம். அந்தப் பக்கம் நீங்களும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. வண்டி நிறுத்துமிடத்துப் பேச்சு இல்லாமல் போனதில் என்னைவிட உங்களுக்குத்தான் நஷ்டம் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? இல்லை.

இரண்டாவது அலை. ஃபோன் அடித்தாலே யார் போன சேதியோ என்று எடுக்கத் தயங்கிய மாதம். அந்தப் புதன்கிழமை ஒரு டாக்டரைப் பேசக் கூப்பிட்டிருந்தோம். இடையில் யார் வீட்டு மிக்ஸியோ ஓடியதால் எல்லோர் மைக்கையும் அடைத்துவிட்டேன். அவர் நிறுத்தும்போது ஏழு இருபத்தைந்து. 'நல்ல சேதி' நேரம் என்று அறிவித்தேன். அப்போதெல்லாம் யாருக்குமே நல்ல சேதி இருக்காது, நான் சும்மா ஒப்புக்கு அறிவிப்பேன். யாரும் இல்லையென்றால் முடித்துவிடலாம் என்றேன்.

உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கை ஏறியது.

நான் இறக்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை, சாப்பாட்டில் கிடக்கிற முடியை எடுத்துப் போடுகிற மாதிரி. கை மறுபடியும் ஏறியது. மறுபடி இறக்கினேன். "அக்கா, கையை எடுத்துட்டேன். தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க" என்று சொன்னேன். மைக் அடைத்திருந்தாலும் எல்லாரும் சிரித்தது பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். உங்கள் பெட்டியில் கேமரா இல்லை, பெயர் மட்டும்தான். மணி அடித்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

வழக்கமாக வருகிற உங்கள் ஃபோன் அன்றைக்கு வரவில்லை. நான் செய்திருக்கலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் முழுக்க பொட்டல வேலை. வெள்ளிக்கிழமை இரண்டு வார்த்தை பேசினோம், உங்கள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. புதன்கிழமையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை காய்ச்சல். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, உள்ளே யாரையும் விடவில்லை. பத்தாம் நாள் குரூப்பில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே பூமாலைப் பொம்மை வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரங்கல் கூட்டத்தையும் நான்தான் நடத்தினேன். ஒரு நிமிஷ மௌனத்தில் யாரோ மைக்கை மூட மறந்ததால் அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் திணறியிருப்பீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது, அதுவும் ஏழரைக்குள்.

அந்த வருஷத்தோடு செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். முட்டி வலி என்று சொன்னேன். கிளப் மறுபடியும் ஹாலுக்கு வந்துவிட்டது. ஆனால் கூட்டம் முடிந்ததும் யாரும் வெளியே நிற்பதில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் பழக்கம் விட்டுப்போச்சு. எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் கொஞ்ச நேரம் நிற்பேன். வாட்ச்மேன், "யாருக்காவது வெயிட் பண்றீங்களாம்மா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிப்பேன்.

அந்த மஞ்சள் கையை நான் மறக்கவில்லை. தப்பாக அமுக்கியதுதான், வேறென்ன என்று எனக்கே சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். இரண்டாவது தடவை ஏன் ஏறியது என்று ஒரு குரல் கேட்கும். வாயை மூடு என்று அதட்டிவிடுவேன். இப்படியே வருஷங்களை ஓட்டிவிட்டேன். அப்போதுதான் உங்கள் மகள் ஃபோன் செய்தாள். வீட்டை ஒழிக்க வந்திருக்கிறாளாம். "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை வர முடியுமா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். அம்மா மண்டபம் பக்கம் இறங்கி நடந்தேன். உங்கள் வீட்டில் எல்லாம் போய், கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மிச்சம். பேசினால் எதிரொலித்தது. அவள் உங்களை மாதிரியே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

உட்கார்ந்தோம். அவள் கேட்டாள்: "அம்மா கடைசியா உங்க மீட்டிங்ல பேசினாங்கல்ல, என்ன பேசினாங்க ஆன்ட்டி?"

எனக்குப் புரியவில்லை. என்னம்மா சொல்ற என்றேன்.

"அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் வீடியோல கூப்பிட்டேன். நல்ல புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னம்மா விசேஷம்னு கேட்டேன். 'இன்னிக்கு நான் நல்ல சேதில பேசப்போறேன். எழுதிப் பாத்து மனப்பாடமே பண்ணியாச்சு'ன்னாங்க. என்னன்னு கேட்டா, 'முதல்ல அவங்க கேக்கட்டும், அப்புறம் உனக்கு'ன்னு சொல்லிட்டாங்க. மீட்டிங் முடிஞ்சப்புறம் மறுபடி கூப்பிட்டேன். பேசினியாம்மான்னு கேட்டேன்."

அவள் தலைப்பை இழுத்து மறுபடி செருகிக்கொண்டாள்.

"'பேசினேன்டி. எல்லாரும் கேட்டாங்க. ஸ்டேஷன் மாஸ்டர்கூட மணி அடிக்கல'ன்னாங்க. நான் பக்கத்துல இல்லாட்டியும், கடைசியா அம்மா பேசினதை நாலு பேர் உக்காந்து கேட்டிருக்காங்கன்னு நினைச்சுக்குவேன் ஆன்ட்டி. அதை நினைச்சுத்தான் தூங்கினேன் அந்த வருஷமெல்லாம். என்ன பேசினாங்கன்னு உங்களைத்தான் கேக்க முடியும்."

அக்கா, ஒரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. "உன்னைப் பத்தித்தான்மா" என்று வாயைத் திறந்தும்விட்டேன். அவள் முகம் மலர்ந்தது. இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருந்தால் அவள் சந்தோஷமாக விமானம் ஏறியிருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். நீங்களே ஆரம்பித்து வைத்த பொய்தானே. அதை முடித்துவைத்தால் உங்களுக்கும் சம்மதமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உங்கள் வாயில் வார்த்தை வைக்க முடியவில்லை. உங்கள் கையை இரண்டு தடவை இறக்கினது போதாதா?

"இல்லம்மா," என்றேன். "அம்மா பேசல. கை தூக்கினாங்க. தப்பா அமுக்கிட்டாங்கன்னு நினைச்சு நான் இறக்கிவிட்டுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை."

"அப்ப மத்தவங்க?"

"சிரிச்சோம். எல்லாரும் சிரிச்சோம்."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முதுகு குலுங்கியது. நான் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளை மாதிரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "காபி போடக்கூட ஒரு பாத்திரம் இல்ல ஆன்ட்டி" என்றாள். வேண்டாம்மா என்றேன். என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்தாள். பஸ் வந்ததும், "எழுதிப் பாத்தேன்னாங்க. காயிதம் எதுவும் கிடைக்கல. வீடு முழுக்கத் தேடிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் பாலம் ஏறும்போது எனக்கு ஒன்று விளங்கியது. அன்றைக்கு மகளிடம், "அவ என்னைப் பேச விடலடி" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது உண்மை. எழுதிப் பார்த்து, நல்ல புடவை கட்டி உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்க வாயடைத்துப் போயிருக்கிறீர்கள். அந்த வலியோடு உட்கார்ந்து என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். மணிகூட அடிக்கவில்லை என்று எனக்குச் சான்றிதழ் வேறு. பாலம் முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

இந்த மூன்று நாளாக ஊகித்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஊருக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தாளோ? கண் டாக்டர் ஏதாவது நல்லதாகச் சொன்னாரோ? இல்லை, கூட்டம் முடிந்ததும் கட் பண்ணாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா பேசிட்டிருக்கலாம் என்று கேட்க நினைத்தீர்களோ? அந்த மூன்றாவதுதான் என்று மனசு அடித்துச் சொல்கிறது. ஆனால் அது என் ஆசை அக்கா. நான் கேட்டிருக்க வேண்டியதை நீங்கள் கேட்டதாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். நல்ல சேதி என்றுதானே சொன்னீர்கள். உங்களுக்கும் ஒரு நல்ல சேதி இருந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் ஒன்று. அதை எங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள்.

அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. கேட்பதற்காகவே வந்தவர் நீங்கள், எங்கள் எல்லோர் சேதியையும் கேட்டீர்கள். நீங்கள் சொல்ல வந்த ஒரே நாளில் கேட்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கவில்லை.